வரைபடம் யாருடையதோ, ஏவுகணை அவருடையது

2024 பிப்ரவரி 19 அன்று ஜெர்மானிய விமானப்படைத் தளபதி இங்கோ கெர்ஹார்ட்ஸும் வேறு மூன்று அதிகாரிகளும் வெப்எக்ஸ் இணைப்பில் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் விமானக் கண்காட்சிக்காகச் சிங்கப்பூர் போயிருந்தார். ஓட்டலிலிருந்து பாதுகாப்பற்ற இணைப்பில் அவர் சேர்ந்துகொண்டார். பேச்சு 38 நிமிடம் நடந்தது. மார்ச் 1 அன்று அதை ரஷ்ய அரசின் ஆர்டி தொலைக்காட்சித் தலைமை ஆசிரியர் மார்கரிட்டா சிமோன்யான் உலகத்துக்கே அம்பலமாக்கினார்.

ஒட்டுக்கேட்டது எப்படி, அசட்டையாக இருந்தது யார் என்பதிலேயே செய்தித்தாள்களின் கவனம் போனது. நான் கவனிக்கச் சொல்வது பேச்சின் உள்ளடக்கத்தை. ஜெர்மனியிடம் டாரஸ் என்ற ஏவுகணை இருக்கிறது. போர் விமானத்திலிருந்து வீசினால் 500 கிலோமீட்டர் தாழப் பறந்து போகும். 480 கிலோ எடையுள்ள அதன் வெடிமுனை கான்கிரீட்டைத் துளைக்கும்போது எத்தனை தளங்களைத் தாண்டியிருக்கிறோம் என்று எண்ணி, சொல்லிவைத்த தளத்தில் வெடிக்கும். உக்ரைன் இதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் கெர்ச் பாலத்தை இதனால் உடைக்க முடியுமா என்று அதிகாரிகள் பேசுகிறார்கள். பத்து, இருபது போட்டாலும் விழாமல் போகலாம் என்பது ஒருவர் கணிப்பு.

ஆனால் அவர்களை அதிகம் குடைந்த கேள்வி வேறு. இலக்குக்கான பறக்கும் பாதையை யார் வகுத்துக் கொடுப்பது? தரவுகளை எந்த வழியாகக் கொடுத்தனுப்புவது? போலந்து வழியாகக் காரில் எடுத்துப் போகலாமா? பிரிட்டிஷ்காரர்கள் இந்த வேலைக்காக அங்கேயே சில ஆட்களை வைத்திருக்கிறார்களே, நாம் என்ன செய்வது? ஏவுகணையைக் கொடுப்பது எளிது, அதற்கு வழி சொல்லிக் கொடுத்தால் நாமும் போரில் இறங்கியதாகிவிடுமோ என்பதுதான் அவர்களின் சங்கடம். சில நாட்கள் கழித்து அதிபர் ஓலாஃப் ஷோல்ஸும் இதே காரணத்தைப் பொதுவெளியில் சொன்னார்: இலக்கு வகுப்பதில் பிரிட்டனும் பிரான்ஸும் செய்வதை ஜெர்மனி செய்ய முடியாது. பதவியிலிருந்து இறங்கும்வரை அவர் டாரஸைக் கொடுக்கவில்லை.

ரேடாருக்குத் தட்டுப்படாத ஏவுகணை என்றவுடன் கறுப்பு வண்ணம், கூரிய விளிம்புகள், மாயமாய் மறைவது என்று ஒரு படம் மனதில் வருகிறது. விற்பவர்களின் விளம்பரப் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. அது பாதி உண்மைகூட இல்லை. இந்த ஆயுதம் ஒளிவது உடலால் கொஞ்சம், அறிவால் மீதி. அந்த அறிவு யார் கையில் இருக்கிறதோ, ஏவுகணையின் லகானும் அவர் கையில்தான்.

திருடப்படும் நிமிடங்கள்

முதலில் உடல். ரேடார் அலை ஒரு பொருளின்மீது பட்டுத் திரும்பி வந்தால்தான் அந்தப் பொருள் தெரியும். திரும்பும் அளவைக் குறைக்கவே பக்கங்களைச் சரிவாகச் செதுக்குகிறார்கள், அலையை உறிஞ்சும் பூச்சு பூசுகிறார்கள், எஞ்சினுக்குள் காற்று போகும் வாயை நேராகத் தெரியாமல் வளைக்கிறார்கள். ஆனால் இயற்பியல் இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறது. பிரதிபலிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் ரேடார் கண்டுபிடிக்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். தூரம் பத்தில் ஒன்றாக வேண்டுமானால் பிரதிபலிப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும்.

அதனால்தான் தாழப் பறக்கிறார்கள். பூமி உருண்டை என்பது இப்படித் தாழப் பறந்துபோகும் குரூஸ் ஏவுகணைக்குக் கிடைத்த இலவசக் கவசம். 25 மீட்டர் கம்பத்தின் மேல் ஒரு ரேடார் சுழல்கிறது, ஏவுகணை 36 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், தொடுவானத்தைத் தாண்டி அது தலைகாட்டும்போது தூரம் சுமார் 45 கிலோமீட்டர். ஒலியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் வந்தால் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டே முக்கால் நிமிடம் போதும். உடலின் மறைவும் சேர்ந்துகொண்டு 15 கிலோமீட்டரில்தான் அது ரேடாருக்குப் புலப்படுகிறது என்றால் மிஞ்சுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் இது பறவையா, நம் விமானமா, எதிரியா என்று தெரிந்து, எதிர் ஏவுகணையைக் கிளப்பி, அது பறந்துபோய் மோதவும் வேண்டும். யாருக்கும் தெரியாமல் போவது இந்த ஆயுதத்தின் நோக்கமல்ல. காவல் காப்பவரின் நிமிடங்களைத் திருடுவதே நோக்கம்.

இத்தனைக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தாழப் பறக்க வேண்டுமானால் மலை எங்கே, மின்கம்பி எங்கே, எதிரியின் ரேடார் எங்கே என்று புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர்த் தெருவில் நடப்பவர் காலில் படும் மேடுபள்ளத்தை வைத்தே எந்த வீட்டைத் தாண்டுகிறோம் என்று சொல்லிவிடுவார் அல்லவா? பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்த ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணையும் அப்படித்தான் நடக்கிறது. கீழே உள்ள தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து, தனக்குள் ஏற்றப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. ஜிபிஎஸ் அலையை எதிரி குழப்பினாலும் வழி தவறாமல் இருக்க இது உதவும். இலக்கு நெருங்கியதும் மேலே எழும்பி, மூக்கு உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறது. முன்பே ஏற்றப்பட்ட படமும் கண்முன் தெரியும் கட்டடமும் பொருந்தினால் பாய்கிறது. முதல் வெடி கான்கிரீட்டில் துளை போடும், இரண்டாவது வெடி அந்தத் துளைக்குள் இறங்கிக் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும்.

விமானத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு ஸ்டார்ம் ஷேடோவிடம் யாரும் பேச முடியாது. இலக்கை மாற்றவோ, திரும்ப அழைக்கவோ, நடுவானில் அழிக்கவோ வழி இல்லை. எனவே முடிவெடுப்பதெல்லாம் தரையில், கணினிக்கு முன்னால், மணிக்கணக்கில் நடக்கிற வேலை. விமானி ஏறக்குறைய ஒரு தபால்காரர்.

பழைய பாடங்கள்

விமானத்தில் கட்டி எடுத்துப்போய் வீசும் குரூஸ் ஏவுகணை புதிதல்ல. 1944-இல் ஹிட்லரின் வி-1 பறக்கும் குண்டுகளை ஹெயின்கெல் விமானங்கள் வட கடலுக்கு மேலிருந்து வீசின. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதிகாலையில் மான்செஸ்டரை நோக்கி 45 குண்டுகள் கிளம்பின. பெரும்பாலானவை குறி தவறின. வரைபடம் இல்லாத ஏவுகணை எங்கே விழும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வழி கண்டுபிடிக்கும் ஏவுகணை 1970-களில் வந்தது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் 1982 முதல் அணுகுண்டு முனையுள்ள ஏஎல்சிஎம் ஏவுகணைகளைச் சுமந்தன. 1991 வளைகுடாப் போரில் கப்பலிலிருந்து ஏவிய டோமஹாக் குரூஸ் ஏவுகணைகளுக்கு ஈராக்கின் சமவெளிப் பாலைவனத்தில் அடையாளம் பிடிக்க மேடுபள்ளம் கிடைக்கவில்லை. அதனால் பாதை வகுத்தவர்கள் சிலவற்றை ஈரானிய மலைகளுக்கு மேலே சுற்றவிட்டார்கள் என்று பின்னாளில் வந்த போர் வரலாறுகள் சொல்கின்றன. அதே போரின் முதல் நாளில் லூசியானாவிலிருந்து ஏழு பி-52 விமானங்கள் கிளம்பி, 35 மணி நேரத்துக்கு மேல் பறந்து, 35 ஏவுகணைகளை வீசிவிட்டு வீடு திரும்பின. அவை ஜிபிஎஸ் நம்பிப் போனவை. அணுகுண்டு முனையை எடுத்துவிட்டுச் சாதாரண வெடிமருந்து வைத்த வகை அமெரிக்காவிடம் இருக்கிறது என்பதே அப்போது ரகசியம்.

ரேடாரிடமிருந்து ஒளிவதற்கென்றே பிறந்தது அடுத்த தலைமுறை. 1983-இல் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் தொடங்கிய ஏஜிஎம்-129 ஏவுகணைக்கு இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், எஞ்சினின் சூடு வெளியேறும் வாய் தட்டையாக்கப்பட்டு வாலுக்கடியில் மறைந்திருக்கும். 1,460 செய்யத் திட்டமிட்டார்கள். சோவியத் யூனியன் உடைந்ததும் 460-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். எதிரி ரேடாரை ஏமாற்றப் பிறந்த இந்த ஏவுகணை கடைசியில் ஏமாற்றியது அமெரிக்க விமானப்படையைத்தான். 2007 ஆகஸ்டில் பழைய சரக்கைக் கழிக்க வடக்கு டகோட்டாவின் மைனாட் தளத்திலிருந்து பன்னிரண்டு ஏவுகணைகளை ஒரு பி-52-இல் ஏற்றினார்கள். அவற்றில் ஆறில் அணுகுண்டு முனை கழற்றப்படாமலே இருந்தது. விமானம் நாட்டின் குறுக்கே பறந்து லூசியானாவில் இறங்கியது. 36 மணி நேரம் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு விமானப்படைச் செயலாளரும் தளபதியும் பதவி இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காசும் ஒளிந்து ஒளிந்து ஓடியது. 1986-இல் ரகசியமாகத் தொடங்கிய டிஸ்ஸாம் என்ற மறைவு ஏவுகணை ஒன்றுக்கு 7 லட்சத்து 28 ஆயிரம் டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 1994-இல் அந்தக் கணக்கு 20 லட்சத்து 62 ஆயிரமாக ஏறியது. பாதுகாப்புச் செயலாளர் வில்லியம் பெர்ரி திட்டத்தைக் கைவிட்டார். அதன் இடத்தில் மலிவாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியதுதான் இன்று அமெரிக்காவின் முதன்மை ஆயுதமாகிவிட்ட ஜாஸம். முதல் முறை அது போரில் பறந்தது 2018 ஏப்ரல் 14 அன்று, சிரியாவில். பி-1 விமானங்கள் 19 ஜாஸம்களை வீசின. அதே இரவில் பிரிட்டனும் பிரான்ஸும் தங்கள் ஸ்டார்ம் ஷேடோ, ஸ்கால்ப் ஏவுகணைகளை வீசின. ஸ்கால்ப் வேறு ஏவுகணை அல்ல, பிரான்ஸ் வைத்த பெயர் மட்டும் வேறு.

சோவியத் விமானம், பிரிட்டிஷ் கொக்கி

அதுவரை இவை பறந்த சிரியா, லிபியா, ஈராக் எல்லாம் வான்பாதுகாப்பு நலிந்த நாடுகள். இந்த ஏவுகணைகளுக்கு உண்மையான பரீட்சை 2023-இல்தான் வந்தது.

அந்த மே 11 அன்று உக்ரைனுக்கு ஸ்டார்ம் ஷேடோ கொடுப்பதாக பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1,300 கிலோ எடையுள்ள அந்த ஏவுகணையைச் சுமக்க உக்ரைனிடம் மேற்கத்திய விமானமே இல்லை. இருந்தது சோவியத் காலத்து சுகோய்-24. அதன் இறக்கைக்கு அடியில், பிரிட்டன் 2019-இல் ஓய்வுகொடுத்த டொர்னாடோ விமானத்தின் கொக்கியைப் போன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். படங்கள் வெளிவந்தபோது விமான விரும்பிகள் முதலில் கவனித்தது அந்தக் கொக்கியைத்தான். இலக்கைத் தரையிலேயே ஏற்றிவிடுவதால் பழைய விமானத்தின் கணினி அதிகம் பேச வேண்டியதில்லை. சுமந்துபோய் விடுவதுதான் அதன் வேலை.

முதல் தாக்குதல்கள் நடந்த, ரஷ்யா பிடித்துவைத்திருந்த லுஹான்ஸ்கில் கிடைத்த சிதிலங்களில் அமெரிக்காவின் மால்ட் போலி ஏவுகணையின் துண்டுகளும் கிடந்தன. ரேடார் திரையில் பெரிய விமானம்போலத் தோற்றம் காட்டி எதிரியின் ஏவுகணைகளை வீணடிக்கவைப்பது அதன் வேலை. மறைவாக வரும் ஒன்று, அதற்குத் துணையாகத் தம்மைக் காட்டிக்கொண்டே வரும் சில. தனியாக ஒளிய முடியாது என்பதற்கு இதுவே ஒப்புதல்.

செப்டம்பர் 13 அதிகாலையில் கிரிமியாவின் செவாஸ்தபோல் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்குப் பத்து ஏவுகணைகள் வந்தன. ஏழை வீழ்த்தியதாக ரஷ்யா சொன்னது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மிச்சம் மூன்று. உலர்துறையில் நின்ற மின்ஸ்க் என்ற தரையிறங்கு கப்பலும் ரஸ்தோவ்-நா-தனு என்ற நீர்மூழ்கியும் சிதைந்தன. நீருக்கடியில் மறைந்து திரிவதற்கென்றே கட்டிய நீர்மூழ்கி, தண்ணீர் வடிந்த தொட்டியில் பிடிபட்டது. ஒன்பது நாள் கழித்து அதே நகரில் கருங்கடல் கடற்படைத் தலைமையகக் கட்டடத்தின் கூரை பிளந்தது. கடற்படையே இல்லாத நாடு என்று சொல்லத்தக்க உக்ரைன், ரஷ்யக் கப்பல்களைக் கிரிமியாவிலிருந்து கிழக்கே நோவோரஸ்ஸீஸ்க் நோக்கி நகர வைத்தது. இதில் கடல் ட்ரோன்களின் பங்கு பெரியது, ஆனால் துறைமுகத்துக்குள் நின்றாலும் பாதுகாப்பில்லை என்ற பயத்தை விதைத்தவை இந்த ஏவுகணைகள்தான்.

மறுபக்கம்

இதைப் படித்து இந்த ஆயுதத்தின்மேல் யாருக்காவது மயக்கம் வந்தால், இதே வகை ஆயுதம் கீவ் நகரத்தில் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் கேஎச்-101 ஏவுகணையும் ரேடார் பிரதிபலிப்பைக் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டதே. 2015 நவம்பரில் சிரியாவில் அதன் முதல் போர்ப் பயணம். 2024 ஜூலை 8 காலையில் கீவின் ஓக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனையில் விழுந்தது அதுவாகவே இருக்க மிக அதிக வாய்ப்பு என்று ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்பாளர்கள் சொன்னார்கள். ரஷ்யா மறுத்தது. துல்லியம் என்ற சொல்லை ஆயுத நிறுவனங்கள் ஒரு நற்குணம்போல உச்சரிக்கின்றன. துல்லியம் என்பது குறித்த இடத்தில் விழுவது, அவ்வளவுதான். இடத்தைக் குறிப்பது மனிதர்கள்.

கேஎச்-101-க்கு முந்தைய தலைமுறையான கேஎச்-55-க்கு ஒரு கதை உண்டு. சோவியத் உடைந்தபோது இவை உக்ரைன் மண்ணில் ஏராளமாகத் தங்கிவிட்டன. எரிவாயுக் கடனைக் கழிக்க 1999-இல் எட்டு டியூ-160, மூன்று டியூ-95 குண்டுவீச்சு விமானங்களோடு 575 ஏவுகணைகளையும் உக்ரைன் ரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டது. வேறு சில கள்ளத்தனமாக ஈரானுக்கும் சீனாவுக்கும் போயின. 2022 இறுதியில் கீவ் வானத்தில் சுடப்பட்ட சில கேஎச்-55-களில் அணுகுண்டு முனைக்குப் பதிலாக வெறும் எடைக்கட்டி இருந்தது. வான்பாதுகாப்பை ஏமாற்ற அனுப்பிய வெற்று ஏவுகணைகள் அவை. தாங்கள் கடனுக்குக் கொடுத்தவையே திரும்பி வருகின்றன என்று உக்ரைன் உளவுத்துறை சொன்னது.

உக்ரைன் இந்த ஏவுகணைகளில் பலவற்றை வீழ்த்துவது அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணையால் மட்டுமல்ல. 2022 அக்டோபரில் ஒரு கைபேசிச் செயலி வந்தது. தலைக்குமேல் ஏவுகணை போவதைக் கண்டவர் கைபேசியை அது போகும் திசையில் நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் தகவல் வான்பாதுகாப்புப் படைக்குப் போய்விடும். தோளில் ஏவுகணைக் குழாய் வைத்திருக்கும் சிப்பாய் தயாராகிவிடுவார். ரேடார் அலையை எவ்வளவு உறிஞ்சினாலும் எஞ்சின் சத்தத்தை உறிஞ்ச முடியாது, வயலில் நிற்கும் பாட்டியின் கண்ணுக்கு எந்தப் பூச்சும் மறைப்பில்லை. ஸ்டெல்த் என்ற இந்த மறைவுக் கலை பற்றிய கட்டுரைகளில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பல கோடி டாலர் ஆராய்ச்சிக்கு எதிராக ஊர் விழித்திருக்கிறது.

யாரைக் கேட்டு ஏவுவது?

இந்த ஏவுகணை வாங்கும் நாடுகள் வாங்குவது முழு ஆயுதத்தை அல்ல. 1987-இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு 500 கிலோ சுமையோடு 300 கிலோமீட்டர் தாண்டும் ஏவுகணைகளை விற்பதைத் தடுக்கப் பார்க்கிறது. அதனால் வெளிநாட்டுக்கு விற்கும் வகைகளின் தூரம் காகிதத்தில் சுருங்கிவிடுகிறது. எகிப்து பிரான்ஸிடம் ரஃபேல் போர் விமானங்கள் வாங்கியது, அதோடு ஸ்கால்ப்பும் கேட்டது. 2018-இல் அமெரிக்கா குறுக்கே நின்றது. ஏவுகணைக்குள் ஒரு சிறு அமெரிக்க உதிரிபாகம் இருந்ததே காரணம். அதற்குப் பதில் சொந்தப் பாகத்தைச் செய்ய வேண்டியிருக்கும் என்று பிரெஞ்சு அமைச்சரே சொல்ல நேர்ந்தது.

உக்ரைனுக்கும் இதே கதைதான். ரஷ்ய மண்ணுக்குள் ஸ்டார்ம் ஷேடோவை அனுப்ப அது மாதக்கணக்கில் அனுமதி கேட்டு நின்றது. ஏவுகணை பிரிட்டனுடையது, பிரிட்டனுக்குச் சம்மதம், ஆனால் வழிகாட்டத் தேவையான இலக்குத் தரவில் அமெரிக்காவின் கை இருந்தது. 2024 நவம்பரில் வாஷிங்டன் தலையசைத்த பிறகே கூர்ஸ்க்கில் முதல் ஏவுகணை விழுந்தது. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் கதவு மீண்டும் இறுகியது, 2025 அக்டோபரில்தான் பிரையன்ஸ்க் ரசாயன ஆலைமீது மறுபடி பறந்தன.

கையிருப்பும் ஒரு லகான். 2023 ஜனவரியில் வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு நிறுவனம் தைவான் போரை மேசைமேல் பலமுறை விளையாடிப் பார்த்தது. ஜாஸத்தின் கப்பல் எதிர்ப்பு வடிவமான எல்ராஸம் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துபோனது. சரக்கு விமானத்தின் பின்கதவு வழியாகப் பெட்டி பெட்டியாக ஏவுகணைகளைத் தள்ளிவிடும் முறையை அமெரிக்கா சோதித்துவிட்டது, நார்வேயில் 2022-இல் காட்டியும்விட்டது. வீச வழி பெருகிவிட்டது. வீசுவதற்குச் சரக்குதான் வேண்டும்.

தஞ்சாவூரும் இஸ்லாமாபாத்தும்

நம் பக்கத்துக் கணக்கு இதோ. பாகிஸ்தான் 2007-இல் ராத் என்ற விமான ஏவுகணையைச் சோதித்தபோது அதற்கு ரேடாரிடமிருந்து மறையும் தன்மை உண்டு என்று அதன் ராணுவம் அறிவித்தது. சொன்ன தூரம் 350 கிலோமீட்டர். 2020-இல் 600 கிலோமீட்டர் போகும் இரண்டாவது வடிவத்தைச் சோதித்தது.

இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானத் தளத்தில் 222-ஆவது படைப்பிரிவு மீண்டும் உயிர்பெற்றது. சுகோய்-30 விமானங்களின் வயிற்றில் இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணை. அது ஒளிவதில்லை. ஒலியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகத்தில் வருகிறது. மறைவு ஏவுகணை நிமிடங்களைத் திருடுவது மறைந்து, பிரமோஸ் திருடுவது விரைந்து. அந்த வேகத்துக்கு விலை எடையும் தூரமும். ஒரு சுகோய் சுமப்பது ஒன்றே ஒன்று.

மறைவு வழியில் இந்தியாவிடம் இருப்பது ரஃபேலோடு வாங்கிய ஸ்கால்ப். 2025 மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூரில் ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டபோது அது பயன்பட்டதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. வாங்கிய ஏவுகணையின் வரைபடம், இலக்குப் படம், பாதை வகுக்கும் மென்பொருள் ஆகியவற்றில் எத்தனை நம்முடையவை என்பதே தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. எண்ணிக்கை கேட்கிறார்கள், வேகம் கேட்கிறார்கள், எந்த விமானம் விழுந்தது என்று கேட்கிறார்கள்.

சொந்த முயற்சி மெதுவாக நடக்கிறது. 2013-இல் நிர்பய் ஏவுகணையின் முதல் சோதனை தோற்றது. பெங்களூரில் உருவான மாணிக் எஞ்சினோடு 2024 ஏப்ரலில் சண்டிப்பூரிலிருந்து பறந்த ஏவுகணை கடலை ஒட்டித் தாழ்ந்து போய் வெற்றி கண்டது. அந்த நவம்பரில் தரைத் தாக்குதலுக்கான நீண்டதூர வடிவமும் முதல்முறை பறந்தது. ரஷ்ய எஞ்சினை நம்பிக் கிடந்த வேலை இப்போது நம் எஞ்சினில் ஓடுகிறது என்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் இந்த மூன்றும் தரையிலிருந்து கிளம்பியவை.